எல்டன் ஜான் தொகுப்புகளில் எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்டன் ஜான் பாடல்களைக் கேட்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் பாட்டைப் பற்றி இருப்பதில்லை. "கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்று இத்தனை இருக்கின்றனவே, எதை எடுப்பது?" என்றுதான் கேட்கிறார்கள். மனிதர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடியவர். இடையில் நிறுவனங்கள் மாறின, உரிமைகள் கைமாறின, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு தொகுப்பு வந்து சேர்ந்தது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லை ஒட்டியே இங்கே கொடுத்து, பதில் எழுதியிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை. வரிசையாகப் படித்தால் குழப்பம் வராது.

எனக்கு ‘லயன் கிங்’ பாட்டு மட்டும்தான் தெரியும். ஒன்றே ஒன்று வாங்கினால் போதும் என்றால் எது?

2017-இல் வந்த ‘டயமண்ட்ஸ்’, இரண்டு சி.டி. பதிப்பு. மொத்தம் 34 பாடல்கள். எல்டனும் அவருக்குப் பாடல் எழுதும் பெர்னி டாப்பினும் சேர்ந்து உழைக்கத் தொடங்கி ஐம்பது ஆண்டு ஆனதைக் கொண்டாட வெளியிட்டது. 1970-இன் ‘யுவர் சாங்’ முதல் பிற்கால ஆல்பங்கள் வரை தொடுகிறது. நீங்கள் கேட்ட ‘கேன் யூ ஃபீல் த லவ் டுநைட்’ பாடலும் அதில் உண்டு. அந்தப் பாடலை எழுதியவர் டாப்பின் இல்லை, டிம் ரைஸ். 1995-இல் ஆஸ்கர் வாங்கியது.

இதிலேயே மூன்று சி.டி. பெட்டி ஒன்றும் இருக்கிறது, 51 பாடல்கள், கூடவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். புதிதாகக் கேட்பவருக்கு மூன்றாவது தட்டு தேவையில்லை. அதில் இருப்பவை ஏற்கெனவே எல்டன் பித்து பிடித்தவர்களுக்கான தீனி.

அப்படியானால் மற்றவை எல்லாம் எதற்கு? மொத்தம் எத்தனைதான் இருக்கின்றன?

உலகம் முழுவதும் வந்ததை எண்ணத் தொடங்கினால் தலை சுற்றும். நீங்கள் கடையிலோ, பழைய இசைத்தட்டு விற்பவரிடமோ, நண்பர் வீட்டு அலமாரியிலோ சந்திக்கக்கூடியவை இவைதாம்: 1974-இன் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’, 1977-இன் ‘வால்யூம் 2’, 1987-இல் அமெரிக்காவில் வந்த ‘வால்யூம் 3’, 1990-இல் அமெரிக்காவுக்கு வெளியே வந்த ‘த வெரி பெஸ்ட் ஆஃப் எல்டன் ஜான்’, 1995-இன் ‘லவ் சாங்ஸ்’, 2002-இன் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1970–2002’, 2007-இன் ‘ராக்கெட் மேன்’, பிறகு ‘டயமண்ட்ஸ்’.

இவற்றில் 2002-இன் தொகுப்பையும் ‘டயமண்ட்ஸை’யும் ஒரே வேலைக்கான இரண்டு கருவிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கையில் இருந்தால் மற்றதற்குக் காசு கொடுக்க வேண்டாம். ‘லவ் சாங்ஸ்’ மெல்லிய பாடல்களை மட்டும் பொறுக்கி எடுத்தது. எல்டன் என்றாலே உருகி உருகிப் பாடுபவர் என்ற தவறான எண்ணத்தை அது வளர்க்கும். எனக்கு அதில் பிடிப்பில்லை.

1974-இல் வந்ததில் பத்தே பத்துப் பாட்டு. அதற்கு ஏன் இவ்வளவு பெயர்?

அந்தப் பத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முதல் பக்கம் ‘யுவர் சாங்’, ‘டேனியல்’, ‘ஹாங்கி கேட்’, ‘குட்பை யெல்லோ பிரிக் ரோடு’, ‘சாட்டர்டே நைட்ஸ் ஆல்ரைட் ஃபார் ஃபைட்டிங்’. இரண்டாம் பக்கத் தொடக்கம் ‘ராக்கெட் மேன்’, முடிவு ‘குரோக்கடைல் ராக்’. வெறும் பியானோவில் தயங்கித் தயங்கிப் பேசும் இளைஞன் நாற்பது, ஐம்பது நிமிடத்துக்குள் மைதானத்தையே ஆட வைப்பவனாக மாறிவிடுகிறான். அத்தனையும் நான்கே ஆண்டுகளில் பதிவானவை. அதே தயாரிப்பாளர் கஸ் டட்ஜன். பெரும்பாலான பாடல்களில் டேவி ஜான்ஸ்டன், டீ மர்ரே, நைஜல் ஓல்சன் என்ற அதே குழு. அதனால் தொகுப்பு என்ற உணர்வே வராமல் ஒரே மூச்சில் எடுத்த ஆல்பம் போல ஓடுகிறது.

அமெரிக்காவில் பத்து வாரம், பிரிட்டனில் பதினொரு வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் மட்டும் 17 மடங்கு பிளாட்டினம் சான்று பெற்றிருக்கிறது. அவர் ஆல்பங்கள் அமெரிக்கப் பட்டியலில் தொடர்ச்சியாக ஏழு முறை முதலிடம் பிடித்தன. அந்த ஏழில் இதுவும் ஒன்று. தொகுப்பு ஒன்று அந்த வரிசையில் உட்காருவது சாதாரண விஷயம் இல்லை.

ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். ‘பார்டர் சாங்’ பெரிதாக ஓடிய பாடலே இல்லை; அமெரிக்காவில் 92-ஆம் இடத்தோடு நின்றது. ஆனாலும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே பட்டியலுக்குள் அவர் வைத்த முதல் அடி அது. அரீத்தா ஃபிராங்க்ளினே எடுத்துப் பாடிய பாடல். வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அது வந்திருக்காது. கணக்கையும் காதையும் சேர்த்துப் பார்த்துக் கோத்த தொகுப்பு என்பதற்கு இந்த ஒரு பாடலே அத்தாட்சி.

என் நண்பனின் தட்டில் ‘பென்னி அண்ட் த ஜெட்ஸ்’ இருக்கிறது. அதே அட்டைதான், ஆனால் என்னுடையதில் இல்லை. எனக்குப் போலியை விற்றுவிட்டார்களா?

இல்லை. உங்களுடையது பிரிட்டன் பட்டியலைப் பின்பற்றிய பதிப்பு, அவருடையது அமெரிக்கப் பதிப்பு. உங்களுடையதில் அந்த இடத்தில் ‘கேண்டில் இன் த விண்ட்’ இருக்கும், பாருங்கள். மற்ற ஒன்பதும் ஒன்றே.

காரணம் இது. 1974 தொடக்கத்தில் பிரிட்டனில் ‘கேண்டில் இன் த விண்ட்’ தனி இசைத்தட்டாக வந்தது. ‘பென்னி’ அதன் பின்பக்கத்தில் கிடந்தது. அமெரிக்காவிலும் அதையே செய்ய இருந்தார்கள். ஆனால் டெட்ராய்ட் வட்டாரத்தில் கறுப்பின மக்கள் கேட்கும் வானொலிகள் ‘பென்னி’யை ஆல்பத்திலிருந்தே எடுத்து ஓயாமல் ஒலிபரப்பின. எல்டனுக்கு அதில் நம்பிக்கை இல்லை; தயக்கத்தோடுதான் சம்மதித்தார். 1974 ஏப்ரலில் அது அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போய்விட்டது. ஆகவே ஒரே ஆண்டில் இரண்டு நாடுகளுக்கு இரண்டு வேறு வெற்றிப் பாடல்கள். தொகுப்பும் அதற்கேற்ப இரண்டாகப் பிரிந்தது. பிற்காலச் சி.டி. பதிப்புகள் சிலவற்றில் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள்.

‘பென்னி’யில் கூட்டம் கைதட்டுகிறது, விசில் அடிக்கிறது. என்னிடம் இருப்பது கச்சேரிப் பதிவா? ஸ்டூடியோப் பதிவு எங்கே கிடைக்கும்?

நீங்கள் கேட்டதே ஸ்டூடியோப் பதிவுதான். பிரான்சில் எரூவில் என்ற ஊரின் பழைய மாளிகையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. தொடக்கத்தில் பியானோ ஓர் அடி முன்னதாகவே விழுந்து நிற்பதைக் கேட்ட டட்ஜனுக்கு மேடையில் கச்சேரி தொடங்குவது போல் தோன்றியிருக்கிறது. உடனே பழைய கச்சேரிப் பதிவுகளின் கூட்ட ஒலியை எடுத்துக் கலந்துவிட்டார். கைதட்டலைக் கூர்ந்து கேளுங்கள். தாளத்தில் தட்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மறு இடத்தில் தட்டுவார்கள். பிரிட்டிஷ் ரசிகர்கள் அப்படித்தான் தப்பாகத் தட்டுவார்கள் என்ற கிண்டல் அதில் இருக்கிறது.

‘டைனி டான்சர்’தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அது ஏன் பழைய தொகுப்புகளில் இல்லை?

அப்போது அது ஓடவில்லை, அதனால் இல்லை. 1971-இன் ‘மேட்மேன் அக்ராஸ் த வாட்டர்’ ஆல்பத்தில் வந்த பாடல். ஆறு நிமிடத்துக்கு மேல் நீளம். அமெரிக்காவில் 41-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் தனி இசைத்தட்டாக வெளியிடவே இல்லை. எனவே 1974-இலும் 1977-இலும் அதைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. 1990-இன் ‘த வெரி பெஸ்ட் ஆஃப்’ தொகுப்பில் 30 பாடல்கள் இருந்தும் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

2000-இல் ‘ஆல்மோஸ்ட் ஃபேமஸ்’ என்ற அமெரிக்கப் படத்தில், மனத்தாங்கலோடு பஸ்ஸில் போகும் ஓர் இசைக்குழு ஒவ்வொருவராக இந்தப் பாடலில் சேர்ந்துகொள்ளும் காட்சி வந்தது. அதன்பின் இதை விட்டுவிட்டு எந்தத் தொகுப்பும் வரத் துணியவில்லை. 2002-இலும் 2017-இலும் வந்த இரண்டிலும் இருக்கிறது. நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன்: தெரியாத தொகுப்பு ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் பின் அட்டையில் ‘டைனி டான்சர்’ இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், அநேகமாக 2000-க்குப் பின் கோத்தது.

‘வால்யூம் 2’ வாங்க வேண்டியதா? முதல் தொகுப்பில் வராத மிச்சம்தானே?

மிச்சம் என்று தள்ளிவிடாதீர்கள். எழுபதுகளின் நடுவில் எல்டன் பல பாடல்களை எந்த ஆல்பத்திலும் சேர்க்காமல் தனித் தனியாக வெளியிட்டார். ஜான் லெனன் கூட இருந்து வாசித்த ‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’, டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கை மனத்தில் வைத்து எழுதிய ‘ஃபிலடெல்ஃபியா ஃப்ரீடம்’, கிக்கி டீயுடன் பாடிய ‘டோன்ட் கோ பிரேக்கிங் மை ஹார்ட்’, ஒரு படத்துக்காகப் பாடிய ‘பின்பால் விஸார்ட்’. இவற்றை அவருடைய அன்றைய ஆல்பங்கள் முழுவதையும் வாங்கினாலும் பெற முடியாது. 1977-இல் இந்த நான்கையும் ஒரே தட்டில் கொடுத்தது இந்தத் தொகுப்புதான். அட்டையும் நமக்கு நெருக்கமானது: வெள்ளை உடையில் மட்டையோடு கிரிக்கெட் ஆடும் எல்டன்.

வாங்கும்போது ஒரு சிக்கல் உண்டு. 1992-இல் அமெரிக்காவில் மறுவெளியீடு வந்தபோது ‘டோன்ட் கோ பிரேக்கிங் மை ஹார்ட்’, ‘சாரி சீம்ஸ் டு பி த ஹார்டஸ்ட் வேர்ட்’ இரண்டையும் எடுத்துவிட்டார்கள். வெளியிட்டது பாலிடர், அந்த இரண்டு 1976 பாடல்களின் அமெரிக்க உரிமையோ எம்.சி.ஏ. நிறுவனத்திடம். ஆக, பதிலுக்கு வேறு இரண்டைச் செருகினார்கள். அதில் ஒன்று ‘டைனி டான்சர்’. (மேலே சொன்ன குறுக்குவழிக்கு விதிவிலக்கு இது; அதனால்தான் ‘அநேகமாக’ என்றேன்.) பெயர் அதே, அட்டை அதே, பாடல்கள் வேறு. பழைய வினைல் கிடைத்தால் அதையே எடுங்கள். அதிலும் அமெரிக்கப் பதிப்பில் ‘லெவான்’, பிரிட்டன் பதிப்பில் அதன் இடத்தில் ‘பென்னி’.

ஒரே பாடகர், ஒரே பாட்டு. எதற்காக இப்படி நாட்டுக்கு நாடு பிய்த்து வைத்திருக்கிறார்கள்?

பாடியவர் ஒருவர், பதிவுக்குச் சொந்தக்காரர்கள் பலர் என்பதால். 1967-இல் ஒரு விளம்பரத்தைப் பார்த்து எல்டனும் டாப்பினும் தனித்தனியே விண்ணப்பிக்க, இருவரையும் சேர்த்துவிட்டார்கள். பிறகு டிக் ஜேம்ஸ் என்ற பதிப்பாளரிடம் ஒப்பந்தமானார்கள். எழுபதுகளின் நடுப்பகுதிவரை பிரிட்டனில் வந்த பதிவுகள் அவருடைய டி.ஜே.எம். நிறுவனத்தின் சொத்து. பிறகு எல்டன் தன் சொந்த ‘ராக்கெட்’ நிறுவனத்துக்கு மாறினார். டிக் ஜேம்ஸ் மீது தொடுத்த வழக்கு 1985-இல் லண்டன் நீதிமன்றத்தில் முடிந்தது. பாடல் உரிமைகள் திரும்பவில்லை. ராயல்டி பாக்கியைக் கொடுக்கும்படி தீர்ப்பானது.

அமெரிக்காவில் வேறு கதை. முதலில் எம்.சி.ஏ. குடும்பம், 1981 முதல் கெஃபன், 1987-இல் மறுபடி எம்.சி.ஏ., பிறகு பாலிகிராம். ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததை வைத்தே தொகுப்புப் போட்டார்கள். 1998-இல் பாலிகிராமை யுனிவர்சல் வாங்கியது, எம்.சி.ஏ.யும் கெஃபனும் ஏற்கெனவே அந்த வீட்டில்தான் இருந்தன. சிதறிக் கிடந்தவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2002-இன் தொகுப்பு முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை தாராளமாக எடுத்துக் கோக்க முடிந்ததற்குப் பின்னணி இதுதான்.

எனக்கு எண்பதுகள்தான் உயிர். ‘நிகிட்டா’, ‘ஐம் ஸ்டில் ஸ்டாண்டிங்’, ‘சாக்ரிஃபைஸ்’ எல்லாம் வேண்டும். எது?

மூன்றும் ஒன்றாக வேண்டும் என்றால் 1990-இன் ‘த வெரி பெஸ்ட் ஆஃப்’. இரண்டாவது சி.டி.யில் பெரும்பகுதி உங்கள் காலம்தான். ‘சாக்ரிஃபைஸ்’ 1989-இல் முதலில் வந்தபோது பிரிட்டனில் கவனிப்பார் இல்லை. 1990-இல் ஒரு வானொலி அறிவிப்பாளரின் விடாப்பிடியால் மறுபடி வெளியாகி முதலிடம் பிடித்தது. தாய்நாட்டில் எல்டன் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பாடல் அதுதான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். அதற்கு முன் 1976-இல் கிக்கி டீயோடு சேர்ந்து பிடித்திருந்தார், அவ்வளவே. அந்தச் சூட்டோடு சூடாக வந்த தொகுப்பு இது.

அமெரிக்க ‘வால்யூம் 3’ 1979 முதல் 1987 வரை. அதில் ‘சாக்ரிஃபைஸ்’ இருக்க வழியில்லை. ஆனால் ‘லிட்டில் ஜீனி’, ‘மாமா கான்ட் பை யூ லவ்’ என்று அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்த இரண்டு பாடல்கள் இருக்கின்றன. ‘வெரி பெஸ்ட்’டில் அவை கிடையாது. பதிலுக்கு பிரிட்டனில் ஓடிய ‘சாங் ஃபார் கை’, ‘பாசஞ்சர்ஸ்’ இரண்டும் ‘வெரி பெஸ்ட்’டில் உண்டு, ‘வால்யூம் 3’-இல் இல்லை. முன் பதிலில் சொன்ன பாகப்பிரிவினையின் விளைவு.

‘வெரி பெஸ்ட்’டின் கடைசியில் கேள்விப்படாத இரண்டு பாட்டு இருக்கின்றனவே, அவை எப்போது ஹிட் ஆயின?

ஆகவில்லை. அவை அப்போதைய புதுப் பாடல்கள். எல்லாப் பழைய ஆல்பங்களையும் வைத்திருக்கும் ரசிகரையும் மறுபடி கடைக்கு இழுக்க, தொகுப்பில் ஒன்றிரண்டு புதியதைச் சேர்ப்பது இசை நிறுவனங்களின் வழக்கம். ‘லவ் சாங்ஸ்’ அமெரிக்கப் பதிப்பிலும் இப்படி இரண்டைச் செருகினார்கள். இவற்றுக்காகத் தொகுப்பு வாங்காதீர்கள். தூண்டிலில் மாட்டிய புழு பெரும்பாலும் மெலிந்ததாகவே இருக்கும்.

2007-இல் வந்ததன் பெயர் ‘ராக்கெட் மேன்: நம்பர் ஒன்ஸ்’. அதில் இருப்பவை எல்லாம் முதலிடம் பிடித்தவையா?

தலைப்பில் இருக்கும் ‘ராக்கெட் மேன்’ பாடலே பிரிட்டனில் இரண்டாம் இடம், அமெரிக்காவில் ஆறாம் இடம். மற்றதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு வந்த ஒற்றைத் தட்டு இது. பிரிட்டனில் ‘த டெஃபினிட்டிவ் ஹிட்ஸ்’ என்ற, கொஞ்சம் நேர்மையான பெயரில் விற்றார்கள். காரில் போட்டுக்கொள்ள நல்லது.

‘ஒன் நைட் ஒன்லி: த கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ மலிவாகக் கிடைத்தது. ஆனால் குரல் தடித்திருக்கிறது, ‘யெல்லோ பிரிக் ரோடு’ பாட்டில் அந்த உச்சி ஸ்வரமே இல்லை. ஏன்?

‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற சொல்லை நம்பி நிறையப் பேர் வாங்கியது இது. 2000 அக்டோபரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கச்சேரிகளின் பதிவு. பில்லி ஜோயல், பிரையன் ஆடம்ஸ், மேரி ஜே. பிளைஜ் என்று விருந்தாளிகளும் பாடுகிறார்கள். கச்சேரியாகக் கேட்டால் கலகலப்பானது; பழைய பதிவுகளை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

குரல் விஷயத்தில் உங்கள் காது சரி. 1987 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பின் குரல் கீழே இறங்கிக் கனத்தது; இளமையில் சிரமமில்லாமல் எட்டிய பொய்க்குரல் உயரம் போய்விட்டது. இருபத்தாறு வயதில் பதிந்த அந்தப் பாடலையும் ஐம்பத்து மூன்றில் மேடையில் பாடியதையும் அடுத்தடுத்துப் போட்டால் இரண்டு மனிதர்கள் பாடுவதுபோல் கேட்கும். எனக்குப் பிந்தைய குரலும் பிடிக்கும், குறிப்பாக ‘ஐ வான்ட் லவ்’ போன்ற பாடல்களில். ஆனால் இளமைப் பாடல்களுக்கு இளமைக் குரல்தான் பொருந்தும். எனவே பின் அட்டையில் ‘லைவ்’ என்ற சொல் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டயானாவுக்காகப் பாடிய ‘கேண்டில் இன் த விண்ட்’ எந்தத் தொகுப்பில் இருக்கிறது? நான் வாங்கியதில் மர்லின் மன்றோ பற்றிய பாட்டு வருகிறது.

அதுதான் மூலப் பாடல், 1973-இல் பதிவானது. தொகுப்புகளில் பெரும்பாலும் வருவது அதுவே. இரண்டாவதாக, 1986 டிசம்பரில் சிட்னியில் மெல்போர்ன் சிம்ஃபனி இசைக்குழுவுடன் பாடிய பதிவு இருக்கிறது. தொண்டைச் சிகிச்சைக்குச் சற்று முன் பாடியது, குரலில் கரகரப்பு தெரியும். அதுவும் தனியாக வெளியாகிப் பெரிய வெற்றி பெற்றது.

நீங்கள் தேடும் 1997 பதிவு மூன்றாவது. டாப்பின் வரிகளை மாற்றி எழுத, பீட்டில்ஸ் ஆல்பங்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின் இதைத் தயாரித்தார். அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம். வருமானம் டயானா நினைவு அறக்கட்டளைக்குப் போனது. எல்டன் அந்த வரிகளைப் பொது மேடையில் ஒரே ஒருமுறைதான் பாடினார், வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் நடந்த இறுதிச் சடங்கில். அதே ஆண்டு வந்த தன் ஆல்பத்தில்கூட அதைச் சேர்க்கவில்லை. அந்தப் பதிவு வேண்டுமென்றால் பழைய 1997 சிங்கிள் சி.டி.யைத் தேடுவதே எளிது. அச்சானவை ஏராளம் என்பதால் விலை ஏறவில்லை.

‘டோன்ட் லெட் த சன் கோ டவுன் ஆன் மீ’ பாட்டை ஜார்ஜ் மைக்கேலோடு பாடியதுதான் எனக்கு வேண்டும். தனியாகப் பாடியது வேண்டாம்.

தனியாகப் பாடியது 1974, இருவரும் பாடியது 1991-இல் லண்டன் வெம்பிளி அரங்கில் ஜார்ஜ் மைக்கேல் நடத்திய கச்சேரியில். அடிப்படையில் அது ஜார்ஜின் மேடை. நடுவில் எல்டனை அழைக்கிறார், கூட்டம் கூரையைப் பிய்க்கிறது. 1991-க்கு முந்தைய எந்தத் தொகுப்பிலும் அது இருக்காது என்பது நிச்சயம். பிந்தையவற்றில் ஜார்ஜ் மைக்கேல் பெயர் பாடலுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஆனால் தனிப்பாடலை அவ்வளவு சுலபமாக ஒதுக்காதீர்கள். அதில் பின்னணிக் குரல் கொடுப்பவர்களில் பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சனும் ஒருவர். அந்தக் குரல் அடுக்கு மேடைப் பதிவில் கிடையாது.

‘கோல்ட் ஹார்ட்’ பாட்டு ‘டயமண்ட்ஸ்’ சி.டி.யில் இல்லையே?

2017-இல் அச்சான சி.டி.யில் 2021-இன் பாடல் எப்படி இருக்கும்? அது ‘த லாக்டவுன் செஷன்ஸ்’ ஆல்பத்தில் வந்தது. ஆனாலும் உங்களிடம் அதன் துண்டுகள் இருக்கின்றன. ‘சாக்ரிஃபைஸ்’, ‘ராக்கெட் மேன்’, ‘கிஸ் த பிரைட்’, ‘வேர்ஸ் த ஷூரா’ என்ற நான்கு பழைய பாடல்களை ப்னாவ் என்ற ஆஸ்திரேலியக் குழு வெட்டி ஒட்ட, துவா லிப்பா கூடப் பாடினார். முதல் இரண்டும் ‘டயமண்ட்ஸ்’ தட்டுகளில் மூல வடிவில் உள்ளன.

எல்டன் ஜான் பெயரில் மிக மலிவான சி.டி. ஒன்று. குரல் அவருடையதுதான், ஆனால் எல்லாம் மற்றவர்களின் பாட்டு. இது என்ன வகைத் தொகுப்பு?

அது அவர் வயிற்றுப்பாட்டுக்குப் பாடியது. 1969, 1970 வாக்கில் பிரிட்டனில் அன்றைய வெற்றிப் பாடல்களைப் பெயர் தெரியாத பாடகர்களை வைத்து மறுபதிவு செய்து மலிவு விலைத் தட்டுகளாக விற்பார்கள். பெயர் தெரியாத அந்தப் பாடகர்களில் எல்டனும் ஒருவர். ‘இன் த சம்மர்டைம்’, ‘ஸ்பிரிட் இன் த ஸ்கை’ எல்லாம் பாடியிருக்கிறார். பின்னாளில் யார் யாரோ அந்தப் பதிவுகளைத் தேடிப்பிடித்து, அவர் பெயரைப் பெரிதாகப் போட்டு, வெவ்வேறு தலைப்புகளில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

போலி என்று சொல்ல முடியாது. கேட்க வேடிக்கையாகவும் இருக்கும். ஆனால் பரிசாகக் கொடுக்க வாங்காதீர்கள், வாங்கியவர் ‘யுவர் சாங்’ எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்.

‘ஜுவல் பாக்ஸ்’ எட்டு சி.டி., 148 பாட்டு. ‘டயமண்ட்ஸை’விட இதுதானே முழுமையானது?

பெரிது, நீங்கள் நினைக்கிற பொருளில் முழுமையானது இல்லை. 2020-இல் வந்த இந்தப் பெட்டி வெற்றிப் பாடல்களைத் தவிர்ப்பதற்கென்றே கோத்தது. முதல் இரண்டு தட்டில் எல்டனே தேர்ந்தெடுத்த, அதிகம் கவனம் பெறாத ஆல்பப் பாடல்கள். அடுத்த மூன்றில் 1965 முதல் 1971 வரையிலான அரிய பதிவுகள். அதற்கடுத்த இரண்டில் சிங்கிள் தட்டுகளின் பின்பக்கப் பாடல்கள். எட்டாவதில் தன் சுயசரிதையில் குறிப்பிட்டவை. ‘டயமண்ட்ஸ்’ தேயத் தேயக் கேட்ட பிறகு வாருங்கள். அந்த நடு மூன்று தட்டுகளில், தனக்கான குரலை இன்னும் கண்டுபிடிக்காத ஒருவர் ஒவ்வொரு பாணியாகப் போட்டுப் பார்ப்பது கேட்கிறது. எனக்கு அதுதான் பெட்டியின் விலைக்கான பெறுமானம்.

எல்லாம் செல்பேசியிலேயே கிடைக்கிறது. தொகுப்பு என்று ஒன்றை ஏன் வாங்க வேண்டும்?

வாங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செயலி ‘பிரபலமான பாடல்கள்’ என்று தரும் பட்டியல் இந்த வாரம் யார் எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. மேலே சொன்ன ரீமிக்ஸ், லைவ், ஜோடிப் பாட்டு எல்லாம் அதில் கலந்து வரும். அதற்குப் பதில் செயலியிலேயே ‘டயமண்ட்ஸ்’ அல்லது 2002-இன் தொகுப்பைத் திறந்து வரிசை மாற்றாமல் கேளுங்கள். அல்லது 1974-இன் பத்துப் பாடல்களை மூன்றாவது பதிலில் சொன்ன ஒழுங்கில் நீங்களே அடுக்கிக்கொள்ளலாம். ‘ராக்கெட் மேன்’ முடிந்ததும் ‘பென்னி’யையும் ‘கேண்டிலை’யும் அடுத்தடுத்து வைத்து, பிறகு ‘டோன்ட் லெட் த சன்’, ‘பார்டர் சாங்’, ‘குரோக்கடைல் ராக்’. இரண்டு நாட்டுச் சண்டையும் தீர்ந்தது.

தொகுப்பைக் கேட்டு முடித்தாயிற்று. அடுத்து எந்த ஆல்பம்? ‘யெல்லோ பிரிக் ரோடு’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

சொல்வது சரிதான். 1973-இன் அந்த இரட்டை ஆல்பத்தின் முதல் பாடலே ‘ஃபியூனரல் ஃபார் எ ஃபிரெண்ட்’, ‘லவ் லைஸ் பிளீடிங்’ இரண்டும் ஒட்டிய பதினொரு நிமிடம். நீளம் காரணமாகவே அது வழக்கமான தொகுப்புகளுக்குள் நுழையவில்லை.

ஆனால் நான் முதலில் கையில் கொடுப்பது ‘டம்பிள்வீட் கனெக்‌ஷன்’, 1970-இல் வந்தது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அதிலிருந்து ஒரு பாடலும் சிங்கிளாக வரவில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் பேசிய ஹிட்ஸ் தொகுப்புகள் அந்த ஆல்பத்தைத் தொடுவதே இல்லை. டாப்பின் முழுப் பாடலையும் எழுதிக் கொடுத்துவிடுவார், எல்டன் அதன் பிறகு பியானோ முன் உட்கார்ந்து மெட்டமைப்பார். நம் வழக்கில் சொன்னால் பாட்டுக்கு மெட்டு. அமெரிக்க மண்ணில் அதுவரை காலே வைக்காமல் லிங்கன்ஷயர் கிராமத்தில் வளர்ந்த இளைஞன் எழுதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்துக் கதைகளை, லண்டன் புறநகர் இளைஞன் பாடுகிறான். ‘கம் டவுன் இன் டைம்’ பாடலில் பால் பக்மாஸ்டர் அமைத்த ஹார்ப்பும் ஓபோவும் நுழையும் இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கடைசிப் பாடலான ‘பர்ன் டவுன் த மிஷன்’ நடுவில் வேகம் மாறும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.